றோஸ் சட்டையின் இடப்பக்கத் தெறி

அன்புள்ள தம்பி,

உன் அழைப்பிதழ் கிடைத்தது. ஒரே நகரத்தில்தான் நீ மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறாய், நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிறோம். ஒரு ரெயிலும் ஒரு மெட்ரோவும் பிடித்தால் ஒரு மணித்தியாலத்தில் வந்து கையிலேயே தந்திருக்கலாம். நீ முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறாய். அதற்காக நான் கோபிக்கவில்லை. கதவு மணியை அடித்தால் திறப்பது உன் அப்பா நான். திறந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த அட்டையைப் பார்க்கும்போது என் முகம் என்ன கோலம் கொள்ளும் என்று உனக்குத் தெரியும். தபால் பெட்டியில் எடுத்துக்கொண்டு மேலே வரும்போது படிக்கட்டு யன்னல் கண்ணாடியில் நானே அதைப் பார்த்தேன். தபாலில் போட்டது புத்திதான்.

அட்டையில் நீ நிற்கிறாய். தாடி இருக்கிறது. நெற்றியில் போத்தல் மூடி அளவுக்கு ஒரு பொட்டு இருக்கிறது. வீதி வேலைக்காரர் போடுகிற மினுங்கல் ஜாக்கெட், துப்புரவு வேலைக்காரரின் நீல அங்கி, பஸ் சாரதியின் சட்டை எல்லாவற்றையும் வெட்டிப் பொருத்தித் தைத்த ஆறு யார் நீளச் சேலையை, உன் அம்மாவே பொறாமைப்படுகிற மாதிரி மடிப்புப் பிசகாமல் உடுத்திருக்கிறாய். அம்மா அந்த அட்டையைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் போய் முதுகுப் பக்கம் தெரியத் திருப்பி வைத்தேன். அம்மா பால் எடுக்கிற சாக்கில் போய் முகத்தைத் திருப்பினார். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் தண்ணீரும் பாலும் செலவான மாதிரி நீ குழந்தையாக இருந்த காலத்தில்கூடச் செலவாகவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சண்டை பிடிப்பது இப்படித்தான்.

கண்காட்சிக்கு நீ வைத்த பெயர் 'ஷிஃப்ட்'. முதலில் ஏதோ வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அம்மா விளக்கினார். இந்த நாட்டு மொழியில் அந்தச் சொல்லுக்கு வேலை முறை என்றும் அர்த்தம், மாற்றுடுப்பு என்றும் அர்த்தம். கெட்டிக்காரத்தனமான பெயர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பெயர் இல்லை. அட்டையின் பின்னால் நீ கையால் எழுதிய ஒற்றை வரி. 'அப்பா, ஏலுமெண்டால் வாங்கோ.' உன் போன கண்காட்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லி வராமல் விட்டவனுக்கு எழுதிய 'ஏலுமெண்டால்' அது. திருப்பித் திருப்பி வைத்ததில் முதுகுப் பக்கத்தை நான்தான் அதிகம் பார்த்தேன்.  வருகிறேனா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். ஒன்றில்லை, ஒன்றின் வாலைப் பிடித்து மற்றதாக நாலைந்து இருக்கிறது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நோர்வேஜிய மொழியில் எனக்கு எழுதத் தெரிந்தது உடுப்புத் தோய்க்கிற அறையைப் பற்றிக் குடியிருப்புச் சங்கத்துக்கு முறைப்பாடு மட்டும்தான். அந்த மொழியில் எழுதினால் நீயும் 'தங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுத்துள்ளோம்' என்று பதில் போடுவாய். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். அவசரப்படாமல் வாசி. அம்மா பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவார். பக்கம் மாறி வந்தால் அது என் பிழை இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் உனக்குக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்த கிழமை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சூசை அண்ணையை உனக்குத் தெரியும். மண்டபத்தின் கோப்பிக்கும் ஒலிவாங்கிக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் படிப்புக்கும் தன்னைத் தானே பொறுப்பாளராக நியமித்துக்கொண்டவர். "தம்பி, மகன் என்ன படிக்கப் போறார்?" என்று என்னைக் கேட்டார். என் வாய் நிறைய மீன் ரோல்ஸ். "குன்ஸ்ட்" என்றேன். குன்ஸ்ட் என்றால் கலை. பொய்யில்லாமல்தான் சொன்னேன், அந்தோனியார் சாட்சி. ஆனால் எங்கள் ஆட்களின் நாக்கு ஒரு சொல்லை மெய்யெழுத்தில் அந்தரத்தில் விடாது, கடைசியில் ஒரு உயிரைக் கொடுத்துத்தான் கீழே இறக்கும். 'போஸ்ட்' 'போஸ்டு' ஆவது அப்படித்தான். என்னுடைய குன்ஸ்ட் ரோல்ஸில் வழுக்கி ஒரு இகரத்தோடு போய் விழுந்தது. 'குன்ஸ்டி' என்றால் செயற்கை, எழுதும்போது அந்த இகரத்துக்குப் பின்னால் வாயில் வராத இன்னொரு எழுத்தும் நிற்கும். இங்கே செயற்கை நுண்ணறிவு என்று சொல்வதற்கு முதல் பாதி அதுதான். சூசை அண்ணையின் கண் கோப்பிக் கோப்பை அளவுக்கு விரிந்தது. "குன்ஸ்டி இன்ரெலிகென்ஸோ! உதுதானே இப்ப உலகத்தையே ஆட்டுது!" என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார். நான் ரோல்ஸை விழுங்கினேன். உண்மையையும் சேர்த்து விழுங்கினேன்.

அரை நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். அதற்குள் மூன்று பேர் என் கையைக் குலுக்கிவிட்டார்கள். ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியராக இருக்கிற மகனைப் பெற்றவர் ஒருவர் எங்கள் மண்டபத்துக்கு வருவார். பத்து வருடமாக என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அன்றைக்கு அவர் எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். தம்பி, நீ சிரிக்கலாம். தரை துடைத்தே முதுகு வளைந்தவனுக்கு இன்னொருவன் எழும்பி இடம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அதில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஆறு வருடம் எழும்ப மனம் வரவில்லை.

இப்போது உனக்குச் சில சங்கதிகள் விளங்கும். ஒரு பாஸ்காப் பண்டிகை நாளில் மண்டபத்துப் பிலோமினா அக்கா தன் போனைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்து, "இது தானா எழுதுது, நிப்பாட்டி விடு ராசா" என்றது இதனால்தான். சூசை அண்ணை உன்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், "மருமகன், இந்த மெசின் எங்கடை பிள்ளையளின்ரை வேலையைப் பறிக்குமோ?" என்று கேட்டாரே. நீ தையல் மெசினைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "மெசின் என்ன செய்தாலும் கையாலை செய்யிறது வேறை, மாமா" என்றாய். மனுஷன் அதை ஒரு வருடம் மேற்கோள் காட்டித் திரிந்தார். நிபுணரே சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு ஒரு குடும்பம் பிள்ளையைத் தச்சு வேலை படிக்க விட்டது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறான், அதை விடு.

பிறகு கீழ் மாடிக்குக் கார்த்திக் குடிவந்தான். தமிழ்நாட்டுப் பையன், நல்ல பிள்ளை, ஆனால் எனக்கு ஏழரை. ஏனென்றால் அவன் உண்மையாகவே அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவன். லிஃப்டில் பிடித்துக்கொண்டான். "அங்கிள், உங்க பையனும் ஏ.ஐ.லதான் இருக்காராமே? எந்த மாடல்ல வொர்க் பண்றாரு?" நான் தடுமாறி, "மொடலோ? மொடல் எல்லாம் அவன் தானே" என்றேன். "வாவ், சொந்தமா மாடல் பண்றாரா! அதுக்கு நெறைய மெட்டீரியல் வேணுமே, எங்கேர்ந்து எடுக்கறாரு?" என்றான். எனக்கு வேறு பொய் வரவில்லை. "மற்ற ஆக்கள் பாவிச்சு எறிஞ்சதுகளைத்தான்" என்றேன். "ஆமா அங்கிள், எல்லா மாடலும் அப்படித்தான்" என்று சொல்லி மரியாதையாகத் தலையாட்டினான். நான் இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு வருடம் லிஃப்டில் ஏறவில்லை. எங்கள் வீடு ஏழாம் மாடி. என் முழங்கால் நோவுக்கு வைத்தியர் குளிரைக் காரணம் சொன்னார், நானும் ஓம் என்றேன்.

இந்தப் பழக்கம் எனக்கு நேற்று வந்தது இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். உன் கைவேலை ரீச்சர் நீ தைத்த ஒரு தலையணை உறையை மேசையில் விரித்து வைத்து, பத்து நிமிடம் உன் தையலைப் பற்றியே கதைத்தார். இந்த வயதில் இப்படி ஒரு கையைத் தான் பார்த்ததில்லை என்றார். நான் பொறுமையாக இருந்து கேட்டுவிட்டு, "கணக்கு எப்படி?" என்று கேட்டேன். கணக்குப் பரவாயில்லை என்றார். அப்போது அம்மாவுக்கு மொழி அவ்வளவாக விளங்காது. வெளியே வந்து, ரீச்சர் அவ்வளவு நேரம் என்ன சொன்னா என்று கேட்டார். "கணக்கிலை கெட்டிக்காரனாம், பரவாயில்லாமல் தைக்கிறானாம்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். உனக்கு இரண்டு மொழியும் தெரியும். நீ தலையணை உறையை மடித்துப் பைக்குள் வைத்தாய். அந்த மடிப்பை நான் மறக்கவில்லை. உன்னைப் பற்றி நான் செய்த முதல் பிழையான மொழிபெயர்ப்பு அது. வெட்கமாக இருக்கிறது.

இனிக் காய்ச்சல். போன வருடம் உன் முதல் கண்காட்சி நாளில் எனக்குக் காய்ச்சல் இல்லை. நல்ல சட்டை போட்டு, சென்ற் அடித்து, அம்மா வேலை முடிந்து நேரே வருவார் என்று நான் தனியாகக் கிளம்பி, அந்த இடத்து வாசல் வரைக்கும் வந்தேன். கண்ணாடிச் சுவர். உள்ளே நீ பச்சைச் சேலையில் நிற்கிறாய், காதில் தோடு, சுற்றிவர ஆட்கள். யாரோ ஒரு வயதான நோர்வேஜிய மனிதர் உன் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல, நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். எனக்குப் பயம் வந்தது, யாரேனும் எங்கள் ஆட்கள் பார்த்து விடுவார்களோ என்று. அதைவிடப் பெரிதாகக் கவலை வந்தது. எங்கள் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் திரும்பிப் போய்ச் சந்தியில் ஒரு கடையில் சொசேஜ் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து போர்வைக்குள் படுத்தேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கதிரையில் கிடந்த சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் சொசேஜுக்கு ஊற்றிய கடுகுச் சாறு. "காய்ச்சல்காரருக்குக் கடுகு நல்லதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். உனக்கு அவர் அதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்த ஒரு நாள் துணிந்து கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "தம்பி, நீ இப்ப ஆம்பிளையோ பொம்பிளையோ, எனக்கு விளங்கேல்லை" என்றேன். நீ வேலை முடிந்து வந்திருந்தாய், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, நான் இப்ப களைச்சுப்போன ஆள். சோத்தைத் தாங்கோ" என்றாய். சாப்பிட்டு முடித்த பிறகு, "நான் உங்கடை மகன்தான். சேலை உடுக்கிற மகன். உடுப்புக்கு ஆம்பிளை பொம்பிளை எண்டு பேர் வைச்சது ஆர் எண்டுதான் கேக்கிறன்" என்று சொன்னாய். நான் அப்போது ரி.வி. சத்தத்தைக் கூட்டினேன். கேள்வி விளங்காமல் இல்லை. அதே கேள்வி முப்பது வருடத்துக்கும் மேலாக என்னிடமும் இருக்கிறது என்பதால்தான் கூட்டினேன்.

போன மாரியில் நீ வந்து, "அப்பா, உங்கடை பழைய வேலை உடுப்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்டபோது எல்லாம் எறிந்துவிட்டேன் என்றேன். நிலவறைக்குள் ஒரு பையில் அம்மா அவற்றைக் கட்டி வைத்திருந்தார், எனக்குத் தெரியாமல் உனக்குத் தந்துவிட்டார். அதில் ஒரு றோஸ் நிறச் சட்டை இருந்ததே, அது அம்மாவுடையது என்று நீ நினைத்திருப்பாய். அது என்னுடையது. நான் இந்த நாட்டுக்கு வந்து செய்த முதல் வேலை ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண்களுக்கென்று இருந்த ஆகச் சிறிய சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் குடியிருக்கலாம். அப்போது நான் ஈர்க்குமாத்துக் குச்சி மாதிரி இருப்பேன். மேற்பார்வை செய்த பெண் அலுமாரியைக் கிண்டிப் பெண்களின் றோஸ் சட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். நெஞ்சுப் பக்கம் சுருக்கு வைத்துத் தைத்தது. தெறி எல்லாம் இடப்பக்கம். ஆண்கள் சட்டைக்குத் தெறி வலப்பக்கம், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் விரலுக்குப் பிடிபடவில்லை. ஒரு தெறியோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, பியோர்க் என்று ஒரு வயதான வேலைக்காரி வந்து எனக்கு நேரே நின்று, கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார். பிறகு, எனக்கு மொழி விளங்கத் தொடங்கிய காலத்தில், அதற்குக் காரணமும் சொன்னார். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் தாங்களே சட்டை பூட்டுவதில்லையாம். எதிரில் நிற்கிற ஆள் பூட்டிவிட வசதியாகத்தான் பெண்கள் சட்டைக்குத் தெறியை இடப்பக்கம் வைத்தார்களாம். உண்மையோ பொய்யோ தெரியாது. அவர் பூட்டிவிட்ட அன்று எனக்கு அழுகை வந்தது, தூசி என்று சொன்னேன்.

இரண்டு வருடம் அந்தச் சட்டை போட்டேன். இன்றைக்கும் அசதியான காலையில் என் விரல் தெறியைத் தேடி இடப்பக்கம்தான் போகும். ஆனால் ஊருக்கு அனுப்பிய படத்தில் நான் ஒரு நண்பரின் கோட்டுப் போட்டு நிற்கிறேன். 'ஹோட்டலில் மேற்பார்வை வேலை' என்று என் ஐயாவுக்கு, உன் அப்பப்பாவுக்கு, எழுதினேன். முழுப்பொய் இல்லை, நாற்பது கட்டிலை மேற்பார்வை செய்துகொண்டுதான் இருந்தேன். ஊரில் ஒரு நாள்கூட விளக்குமாற்றைத் தொட்டவன் இல்லை நான். கூட்டுவது பெண்களின் வேலை. இங்கே வந்து ஒரு தலைமுறை ஆண்கள் பெண்களின் வேலையைச் செய்து, சிலர் பெண்களின் சட்டையையும் போட்டு, பிள்ளைகளை வளர்த்துவிட்டு, மண்டபத்தில் மீசையைத் தடவிக்கொண்டு இருக்கிறோம். ஐயா அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டிப் பெருமைப்பட்டபடியே கண்ணை மூடினார். அவருக்கு உண்மையைச் சொல்லாதது எனக்கு இன்றைக்கும் நோகிறது. சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார்.

அட்டையில் உன் இடது தோளில் முந்தானையோடு ஒரு துண்டு றோஸ் துணி இருக்கிறது. அந்தச் சட்டையின் முன்பக்கத்தைத் தெறியோடு அப்படியே வெட்டாமல் வைத்துத் தைத்திருக்கிறாய். நான் பிரிட்ஜில் அட்டையைத் திருப்பி வைத்தது உன் தாடிக்காக இல்லை, பொட்டுக்காகவும் இல்லை. அந்தத் துண்டுக்காகத்தான்.

இப்போது முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து எல்லோரும் இருக்க, சூசை அண்ணை ஒலிவாங்கியை எடுத்து இரண்டு முறை தட்டினார். ஸ்டேஷனில் உன் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார், படம் இல்லாமல் எழுத்து மட்டும் உள்ளதை. "வியாழக்கிழமை எங்கடை தம்பியின்ரை மகன் நகரத்துக்குள்ளை பெரிய குன்ஸ்டி கண்காட்சி வைக்கிறார். நோட்டீசிலை வெறும் 'குன்ஸ்ட்' எண்டு கிடக்கு. கடைசி ரண்டெழுத்தை அச்சடிச்சவங்கள் விட்டிட்டாங்கள். பரவாயில்லை. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ரோபோவும் நிக்கும் எண்டு நினைக்கிறன்" என்றார். பெயர் எழுத ஒரு தாளைச் சுற்றவிட்டார். அது என்னிடம் வரும்போது முப்பத்தேழு பெயர் இருந்தது.

என் கையில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, மறுபடி காய்ச்சல். அதை நினைத்தும் பார்த்தேன், உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தேழு பேர் ரோபோ பார்க்க வந்து, சேலையில் உன்னைப் பார்த்து, ஆளை ஆள் பார்த்து, நீ ஒன்றும் விளங்காமல் நடுவில் தனியே நிற்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. என்னுடைய பொய்க்கு முன்னால் நீ நிற்பாய், நான் போர்வைக்குள் கிடப்பேன். அது மட்டும் ஏலாது என்று எழும்பினேன்.

ஒலிவாங்கியை வாங்கி, "அச்சடிச்சவங்கள் ஒண்டும் விடேல்லை. அந்த ரண்டெழுத்தை நான்தான் கூடப் போட்டனான்" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. "என்ரை மகன் படிச்சது குன்ஸ்ட். கலை. தைக்கிறான். எங்கடை ஆம்பிளையளின்ரை வேலை உடுப்பை வெட்டிச் சேலை தைச்சு, அதைத் தானே உடுத்துக்கொண்டு நிக்கிறான்" என்றேன்.  சூசை அண்ணை மெதுவாக, "அப்ப அந்த இன்ரெலிகென்ஸ்?" என்று கேட்டார். "அது தாய்வழியிலை இருக்கு" என்றேன். உன் அம்மா ஆறு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து மண்டபத்தில் சிரித்தார்.

ஸ்தவாங்கர் மகனின் தகப்பன் எழும்பினார். "உது என்ன வேஷம்? ஆம்பிளைப் பிள்ளையை இப்பிடியோ வளத்தனீர்?" என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஓம், நான்தான் வளத்தனான். றோஸ் சட்டை போட்டுத்தான் வளத்தனான்" என்று தொடங்கி, ஹோட்டல், சுருக்கு, இடப்பக்கத் தெறி, கோட்டுப் படம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  முடித்தபோது சூசை அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒலிவாங்கி இல்லாமல், "வடக்கிலை மீன் பக்டரியிலை எனக்குத் தந்தது பூப்போட்ட ஏப்ரன். தலைக்கு வலை. ஊருக்கு மரைன் எஞ்சினியர் எண்டு எழுதினனான்" என்றார். "மரைன் எண்டது உண்மைதானே அண்ணை" என்றேன். அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்றே கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. ஒருவர் முதியோர் இல்லத்து அங்கியைச் சொன்னார், ஒருவர் பள்ளிக்கூடச் சமையலறைத் தொப்பியைச் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் தாளில் பெயரை வெட்டினார்கள். பிலோமினா அக்கா, "ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்று சிலுவை அடையாளம் போட்டார், போட்டுவிட்டு, "பருத்தியோ பொலியெஸ்டரோ?" என்று கேட்டார். அவர் பெயரை வெட்டவில்லை. அந்தத் தகப்பன் என்னிடம் வந்து தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் நின்றபடி கோப்பி குடித்தேன். ஆறு வருடத்தில் குடித்த நல்ல கோப்பி அது. இன்னொன்றும் உனக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன், சூசை அண்ணை அந்தப் பூப்போட்ட ஏப்ரனை உனக்கென்று எடுத்துக்கொண்டு வருகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

நேற்றுத் திங்கட்கிழமை நான் லிஃப்டில் ஏறினேன். நினைத்த மாதிரியே கார்த்திக். அவனுக்கும் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை, "அப்போ மாடல்னு நீங்க சொன்னது..." என்று தொடங்கி, சிரித்துச் சிரித்து ஏழாம் மாடி வரைக்கும் கூடவே வந்துவிட்டான். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம். பிரிட்ஜில் உன் அட்டை முகம் தெரிய இருந்தது. இந்த முறை திருப்பி வைத்தது நான். அவன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "செம அங்கிள்! தெறி!" என்றான். நான் திடுக்கிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தத் தெறி?" என்று ஓடினேன். அவர்கள் ஊரில் ஒன்று பிரமாதம் என்றால் தெறி என்பார்களாம். எங்களுக்குத் தெறி என்றால் பொத்தான்தானே. அவன் அதை விளக்கிக்கொண்டிருக்க, நான் அட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து முதல் முறையாக அந்த றோஸ் துண்டைச் சரியாகப் பார்த்தேன். பிழை இருக்கிறது, தம்பி. இரண்டாவது தெறியை மூன்றாவது துளையில் பூட்டியிருக்கிறாய், அதனால் தோளில் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதுவும் கலைதான் என்று அம்மா சொல்கிறார். இல்லை, அது பிழை. கைபழகாதவன் அந்தச் சட்டையைத் தானே பூட்டினால் அப்படித்தான் வரும். இரண்டு வருடம் பூட்டியவன் சொல்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன். உடுப்புக்கு ஆண், பெண் என்று பெயர் வைத்தவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் அந்தச் சட்டையை மறைக்கக் கோட்டுக் கடன் வாங்கியவர்களில் நானும் ஒருவன். நீ அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நிற்கிறாய். என்னால் முடியாததை நீ செய்கிறாய், எனக்கு உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொன்னால் நான் ரி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கதவு திறக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் வருகிறேன். நீ சேலையை உடுத்துக்கொண்டு நில், அந்தத் தெறிகளில் மட்டும் கை வைக்காதே. அவை எதிரில் நிற்கிற ஆள் பூட்டுவதற்கென்று வைத்தவை. உனக்கு எதிரில் நான் நிற்பேன்.

உன் அப்பா